முன்தலை மயிரும் வெள்ளைத் தொப்பியும்: யாழ்ப்பாணத்தில் இருந்து எம்.ஜி.ஆரைப் பார்த்தல்

எம்.ஜி.ஆருக்கு வழுக்கை என்பது யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் தெரியும். சத்தமாகச் சொல்லும் வழக்கந்தான் இல்லை. எங்கள் ஊர்ச் சலூன் ஒன்றில் கண்ணாடிக்கு மேலே அவருடைய இரண்டு படங்கள் இன்றும் தொங்குகின்றன. ஒன்றில் நெற்றியில் சுருண்டு விழும் கறுத்த மயிரோடு சிரிக்கிறார். மற்றதில் வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும். இரண்டு படங்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தலைமயிர் வெட்ட வருகிற எவரும் கேட்டு நான் கண்டதில்லை. (தலைமயிர் என்று எழுதினால் தமிழ்நாட்டு நண்பர்கள் முகம் சுழிப்பார்கள். எங்களுக்கு அது தலையில் இருப்பதன் பெயர், அவ்வளவுதான்.)

நான் பிறந்தபோது எம்.ஜி.ஆர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அவரைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் குடாநாட்டின் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பியிருக்கவில்லை. ஒரு வீட்டில் விசேஷம் என்றால் ஜெனரேற்றர், ரி.வி, டெக் எல்லாம் வாடகைக்கு வரும். விடிய விடியப் படம் ஓடும். மூன்று படம் போட்டால் ஒன்று கட்டாயம் எம்.ஜி.ஆர் படமாக இருக்கும், பெரியவர்கள் விடமாட்டார்கள். மண்ணெண்ணெய்ப் புகைக்குள் பாயில் இருந்து பார்த்த எங்களுக்கு ஒரு விஷயம் மட்டும் விளங்காது. பத்துப் பேரை அடித்து வீழ்த்திய பிறகும் அவருடைய முன்மயிர் கலையவே கலையாது. நாங்கள் சிரிப்போம். பின்னால் இருந்து யாராவது ஒரு பெரியம்மா அதட்டுவார்.

அந்த அதட்டலைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு மனிதர் தன் நெற்றிக்கு மேலே குறைந்துபோனதை மறைத்தார். அவருக்காகப் பல இலட்சம் பேர் அதை மறைக்க உதவினார்கள். அவர்களில் நாங்களும் இருந்தோம்.

மருதூர் கோபாலன் இராமச்சந்திரன் 1917ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் திகதி கண்டிக்குப் பக்கத்தில் நாவலப்பிட்டியில் பிறந்தார். மலையாளக் குடும்பம். சிறு குழந்தையாக இருக்கும்போதே தகப்பன் இறந்துவிட, தாய் சத்தியபாமா பிள்ளைகளோடு இந்தியா திரும்பிக் கும்பகோணத்தில் குடியேறினார். வறுமை. அண்ணன் சக்கரபாணியும் அவரும் பள்ளிப் படிப்பை விட்டு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பனியில் சேர்ந்தார்கள். சாப்பாடு கிடைக்கும் என்பதற்காகவே பிள்ளைகள் நாடகக் கம்பனிக்கு அனுப்பப்பட்ட காலம் அது.

அந்தக் கம்பனிகளில் ஆண் வேஷமும் பெண் வேஷமும் பையன்களே கட்டினார்கள். ஆகவே ஒரு பையன் வசனத்தோடு சேர்த்து டோப்பா வைக்கவும் கற்றான். எங்கள் ஊர்க் கூத்திலும் இசை நாடகத்திலும் இருந்த அதே டோப்பாதான். நெற்றியில் இறுக்கிக் கட்டி, கட்டின இடம் தெரியாமல் அரிதாரம் பூசி, விடிய விடிய ஆடிவிட்டுக் கழற்றும்போது நெற்றியைச் சுற்றிச் சிவந்த கோடு இருக்கும். பிறர் தலைமயிரைத் தன் தலையில் வைத்துக்கொண்டு இன்னொருவராக நிற்பது அவருக்குக் குழந்தை வயதிலேயே தொழில். இதை மறந்துவிட்டுப் பின்னாளில் அவர் செய்ததை வெறும் அழகு ஆசை என்று பேசுவது சரியில்லை என்பது என் எண்ணம்.

சினிமாவுக்கு 1936இல் வந்தார். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சதி லீலாவதியில் ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டர் வேடம். கதாநாயகன் ஆவதற்குப் பதினொரு வருடம் காத்திருந்தார். 1947இல் ராஜகுமாரி வந்தபோது அவருக்கு முப்பது வயது. அடுத்த பத்து வருடங்கள் பெரும்பாலும் ராஜா கதைகள்தான். மந்திரி குமாரி, மர்மயோகி, சொந்தமாகத் தயாரித்து இயக்கிய நாடோடி மன்னன் என்று போகும். கிரீடமும் தோள்வரை தொங்கும் மயிரும் வாளும் உள்ள கதைகள். அவற்றில் எல்லோரும் டோப்பாதான் வைத்திருந்தார்கள் என்பதால் எவருடைய சொந்த மயிர் எவ்வளவு என்ற கேள்வியே எழவில்லை.

ராஜா கதைகள் குறைந்து அறுபதுகளில் சமூகப் படங்கள் பெருகின. கதாநாயகன் இப்போது காற்சட்டையும் சேட்டும் போட்ட தொழிலாளி, ரிக்ஷாக்காரர், படித்த இளைஞர். கிரீடம் கிடையாது. நெற்றி வெளியே தெரியும். கமெரா கிட்டே வரும். எங்க வீட்டுப் பிள்ளை 1965இல் வந்தபோது எம்.ஜி.ஆருக்கு 48 வயது. அடுத்த வருடம் அன்பே வா. பனி மலையில் ஓடித் திரிந்து பாடுகிற இளைஞனுக்கு 49 வயது. ஜெயலலிதாவுடன் அவர் சோடி சேரத் தொடங்கியதும் இதே காலந்தான். இருவருக்கும் 31 வருட இடைவெளி.

இந்த இடத்தில்தான் முழு டோப்பாவை விட நுட்பமான வேலை தேவைப்படுகிறது. தலை முழுவதையும் மூடும் விக் ஒரு தொப்பி மாதிரி. அதைச் செய்வதும் வைப்பதும் சுலபம், கண்டுபிடிப்பதும் சுலபம். மேலேறிப் போன முன்தலையை மட்டும் மறைக்கிற சிறு மயிர்த்துண்டு அப்படியல்ல. மெல்லிய வலைத் துணியில், ஓரத்துக்கு வர வர ஒன்று இரண்டு மயிராக ஊசியால் முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். ஓரம் அடர்த்தியாக இருந்தால் தூரத்தில் நின்றே ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், ஏனென்றால் எவருக்கும் இயற்கையில் நெற்றியோரம் நேர்கோட்டில் மயிர் முளைப்பதில்லை. பிறகு அந்த வலையின் ஓரத்தை ஒரு பசையால் நெற்றித் தோலில் ஒட்டி, அதன்மேல் முகத்தின் நிறத்திலேயே ஒப்பனை பூசி, பின்னால் இருக்கும் சொந்த மயிரை எடுத்து அதனோடு கலந்து சீவ வேண்டும். நிறம் பொருந்த வேண்டும். சுருள் பொருந்த வேண்டும். வயது போகப் போகச் சொந்த மயிர் நரைக்கும். ஒட்டின துண்டு நரைக்காது. ஆகவே சொந்த மயிருக்குச் சாயம் அடிக்க வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகு அதற்கு ஒரே எதிரி வியர்வை. ஸ்டூடியோ விளக்குகளின் வெக்கையில் பசை இளகும். கறுப்பு வெள்ளைப் படம் இதையெல்லாம் மன்னித்தது. கலர் மன்னிக்கவில்லை. நெற்றியின் நிறமும் ஒட்டிய ஓரத்தின் நிறமும் கொஞ்சம் வேறுபட்டாலும் திரையில் இருபது அடி உயரத்தில் தெரியும். தமிழின் முதல் முழுநீளக் கலர்ப் படம் 1956இல் வந்த அலிபாபாவும் 40 திருடர்களும். கதாநாயகன் எம்.ஜி.ஆர். அங்கே அராபியத் தலைப்பாகை காப்பாற்றியது. பத்து வருடம் கழித்து அன்பே வாவில் தலைப்பாகை கிடையாது. அவருடைய ஒப்பனையாளர் பீதாம்பரம் எவ்வளவு பெரிய கைகாரர் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. சண்டையிலும் அந்த முன்மயிர் ஏன் கலையவில்லை என்று சின்ன வயதில் சிரித்த எங்களுக்கு, அது கலைந்தால் படமே கலைந்துவிடும் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

ஒரு நடிகர் விக் வைத்தார் என்பது இவ்வளவு தூரம் எழுத வேண்டிய செய்தியா என்று ஒருவர் கேட்கலாம். 1967ஐப் பார்த்தால் ஏன் எழுத வேண்டும் என்று தெரியும்.

அந்த வருடம் ஜனவரி 12ஆம் திகதி நடிகர் எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரை அவருடைய இராமாவரம் வீட்டில் வைத்துச் சுட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. உயிர் தப்பினார். சில வாரங்களில் தேர்தல். தி.மு.க. வேட்பாளராகப் பரங்கிமலையில் நின்ற அவர் ஆசுப்பத்திரிக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. கழுத்தில் கட்டோடு இருக்கும் அவருடைய படத்தைச் சுவரெங்கும் ஒட்டினார்கள். வென்றார். அவர் கட்சி ஆட்சியைப் பிடித்தது.

குரல் பழையபடி வரவேயில்லை. தொண்டை அடைத்து, சொல் குழறியது. அந்தக் காலத்தில் இதற்கும் ஒரு டோப்பா இருந்தது. இன்னொருவரைக் கொண்டு பின்னணிக் குரல் கொடுத்திருக்கலாம், பாட்டுக்கு அதைத்தானே செய்தார்கள். எம்.ஜி.ஆர் அதைச் செய்யவில்லை. அதே வருடம் வந்த காவல்காரன் படத்தில் உடைந்த குரலிலேயே பேசினார். சனம் அழுதுகொண்டு பார்த்தது. கடைசிப் படம் வரைக்கும் அந்தக் குரல்தான்.

நெற்றியில் நாலு விரல் மயிர் இல்லாததை உயிரைக் கொடுத்து மறைத்த ஒரு மனிதர், குண்டு பட்ட கழுத்தையும் போன குரலையும் ஊருக்கே காட்டினார். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் அவருக்குத் தன் தொழில் எவ்வளவு தெரிந்திருந்தது என்று விளங்கும். காயம் சனத்தின் அன்பைக் கூட்டும். முதுமை கூட்டாது. காயப்பட்ட வீரனுக்காக அழலாம். வயது போன வீரனை வைத்து என்ன செய்வது? பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் நட்சத்திர பிம்பம் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வாசித்திருக்கிறேன். அவற்றில் எதுவும் இந்த ஒரு வருடத்தைப் போல எனக்கு விளக்கம் தரவில்லை.

காயம் என்று வந்தபடியால் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். என் உறவுக்காரப் பெண் ஒருவருக்கு 2009இல் வன்னியில் ஷெல் துண்டு தலையில் பட்டது. நெற்றிக்கு மேலே, வகிடு தொடங்கும் இடத்தில் மூன்று விரல் அகலத்துக்கு இன்றுவரை மயிர் முளைப்பதில்லை. பல வருடம் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டுதான் வெளியே போவார். பிறகு யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு சிறு மயிர்த்துண்டு வாங்கினார். கிளிப் வைத்துக் கொழுவுகிறது. அதை வைத்துக்கொண்டு முதல் தடவை பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போனதாகச் சொன்னார். அங்கே ஒருவரும் தன்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை என்னால் எழுதிக் காட்ட முடியாது. எங்கள் சமூகத்தில் செயற்கைக் கால் போட்டவர்கள் இருக்கிறார்கள், கண்ணாடிக் கண் வைத்தவர்கள் இருக்கிறார்கள், நீளக்கைச் சேட்டு மட்டுமே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மறைப்பதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எம்.ஜி.ஆரின் கதை இதிலிருந்து விலகுகிற இடம் ஒன்று உண்டு. அவர் மறைத்தது மற்றவர்கள் தன்னைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்காக அல்ல. எல்லோரும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக. அவரைப் பார்த்த பார்வையில் வாக்கு இருந்தது, பிறகு ஆட்சி இருந்தது, எங்களைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய ஒன்றும் இருந்தது.

வெள்ளைத் தொப்பி வந்தது அறுபதுகளின் கடைசியில். அடிமைப் பெண் படப்பிடிப்புக்காக ராஜஸ்தான் போயிருந்தபோது பாலைவன வெயிலுக்கு யாரோ கொடுத்த தொப்பி, அது பிடித்துப்போய் அப்படியே நிலைத்தது என்பது ரசிகர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. எனக்கு அந்தக் கதையில் வெயில்தான் முக்கியமாகப் படுகிறது. அரசியல் மேடை ஸ்டூடியோ அல்ல. திறந்த காரில் நின்று, புழுதியிலும் காற்றிலும் ஒரு நாளைக்குப் பத்து ஊர் போக வேண்டும். ஒட்டின முன்மயிர் அந்த வெயிலுக்கு நிற்காது. தொப்பி நிற்கும்.

தலையில் சூடுகிற ஒன்று ஒரு குறையை மறைக்க வந்து பிறகு அதிகாரத்தின் அடையாளமாவது உலகத்துக்குப் புதிதல்ல. ரோமாபுரி யூலியஸ் சீசர் பின்மயிரை முன்னுக்கு இழுத்துச் சீவி வழுக்கையை மறைத்தார் என்றும், செனற் சபை கொடுத்த கௌரவங்களில் எப்போதும் இலைமுடி அணியும் உரிமைதான் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது என்றும் பழைய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதி வைத்திருக்கிறார். பிரான்சின் பதின்மூன்றாம் லூயி இளவயதிலேயே மயிர் கொட்டி விக் வைக்கத் தொடங்க, அரசவை முழுக்க விக் வைத்தது. பிறகு ஐரோப்பாவே வைத்தது. இன்றும் சில நாடுகளில் நீதிபதிகள் தலையில் அது இருக்கிறது.

எம்.ஜி.ஆரின் தொப்பியும் அப்படித்தான் ஆனது. 1972 ஒக்டோபரில் தி.மு.க.வில் இருந்து நீக்கப்பட்டு அ.தி.மு.க.வைத் தொடங்கியபோது சனம் பார்த்தது தொப்பி போட்ட தலைவரை. அடுத்த வருடம் உலகம் சுற்றும் வாலிபன் திரைக்கு வந்தபோது அதே சனம் பார்த்தது தலை நிறைய மயிர் உள்ள வாலிபனை. அவருக்கு அப்போது 56 வயது. ஒரே ஊரில் ஒரே நாளில் காலையில் மேடையில் தொப்பியையும் மாலையில் தியேட்டரில் சுருள் மயிரையும் பார்த்த ஆட்கள் இருந்திருப்பார்கள். எவருக்கும் அது முரணாகப் படவில்லை. தொப்பிக்குக் கீழே அந்த மயிர் இருக்கிறது என்று நம்ப எல்லோரும் சம்மதித்திருந்தார்கள். 1977 ஜூன் 30ஆம் திகதி முதலமைச்சரானார். 1978 பொங்கலுக்கு மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன் வந்தது. அதோடு சினிமாவும் முடிந்தது, விக்கும் முடிந்தது. பிறகு தொப்பியும் கண்ணாடியும் மட்டுமே.

இன்று ரஜினிகாந்த் வழுக்கைத் தலையோடு மேடை ஏறுகிறார், கைதட்டுகிறார்கள். அது எம்.ஜி.ஆர் காலத்தில் நடந்திருக்காது. ரஜினி முதலமைச்சர் ஆகவில்லை என்பதையும் கவனிக்கலாம்.

எங்கள் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். 1965இல் சரோஜாதேவியுடன் அவர் இலங்கை வந்தபோது போன இடமெல்லாம் சனம் கூடியது. யாழ்ப்பாணத்தின் வின்சர், மனோகரா, ராஜா தியேட்டர்களில் வரிசையில் நின்ற தலைமுறைக்கு அவர் இந்த மண்ணில் பிறந்தவர் என்பது தனி உரிமை. நாவலப்பிட்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் எவ்வளவு தூரம் என்று அப்போது ஒருவரும் அளக்கவில்லை.

1983 ஜூலைக்குப் பிறகு இந்த அன்பு வேறு வடிவம் எடுத்தது. தமிழ்நாட்டுக்கு அகதிகளாகவும் இயக்கப் பெடியளாகவும் போனவர்களுக்கு அங்கே முதலமைச்சராக இருந்தவர் திரையில் நீதி கேட்ட அதே ஆள். 1984இல் அவர் விடுதலைப் புலிகளுக்கு இரண்டு கோடி ரூபா கொடுத்ததை அன்ரன் பாலசிங்கம் தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அதிகாரத்தில் இருந்த வேறு எவரும் அப்படிச் செய்யவில்லை. இதை மறுக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஆனால் அதே 1984 ஒக்டோபரில் அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்தன. பக்கவாதமும் வந்தது. அப்பலோ வைத்தியசாலையில் இருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நடந்தது. சிறுநீரகம் கொடுத்தவர் அவருடைய அண்ணன் மகள். டிசம்பர் தேர்தலில் ஆண்டிப்பட்டிப் பக்கம் ஒரு நாள்கூடப் போகாமலே அந்தத் தொகுதியில் வென்றார். அவர் உயிரோடு இருக்கிறார் என்று காட்ட, கட்டிலில் இருந்து சாப்பிடுகிற வீடியோவைக் கிராமம் கிராமமாகப் போட்டுக் காட்டினார்கள். 1985 பெப்ரவரியில் திரும்பி வந்தார். தொப்பி அதே தொப்பி. கண்ணாடி அதே கண்ணாடி. தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்றும் மாறவில்லை.

ஒரு முன்மயிர்த் துண்டால் தொடங்கிய வேலை எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பது எனக்கு இந்த இடத்தில்தான் பயமாக இருக்கிறது. தொப்பிக்குக் கீழே இப்போது மறைந்திருந்தது வழுக்கை மட்டுமல்ல. பேச்சுத் தெளிவாக வராத, மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்ந்த, டெல்லி சொல்வதை மீற வழியில்லாத ஒரு எழுபது வயதுக்காரர். யாழ்ப்பாணம் இதைப் பார்க்கவில்லை. எங்களிடம் இருந்தது நாடோடி மன்னன் படம்.

1986 நவம்பரில், பெங்களூரில் சார்க் மாநாடு நடந்த காலத்தை ஒட்டி, அவருடைய பொலிஸ்தான் தமிழ்நாட்டில் இருந்த இயக்கங்களின் ஆயுதங்களையும் தொடர்புக் கருவிகளையும் பறித்தது. பிரபாகரன் உண்ணாவிரதம் இருந்த பிறகு தொடர்புக் கருவிகள் திரும்பக் கிடைத்தன. பறித்தது டெல்லி, திருப்பிக் கொடுத்தது எம்.ஜி.ஆர் என்று எங்கள் ஊரில் கணக்கு எழுதினார்கள். அந்தக் கணக்கில் உண்மை இருக்கலாம். அதோடு சேர்த்து எழுத வேண்டிய இன்னொரு வரியும் இருந்தது. திருப்பிக் கொடுக்க முடிந்தவருக்குத் தடுக்க முடியவில்லை.

1987 ஜூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஓகஸ்ட் 2ஆம் திகதி சென்னை மெரினாவில் ராஜீவ் காந்தியின் வெற்றிக் கூட்டம். மேடையில் எம்.ஜி.ஆர் இருந்தார். இரண்டு நாள் கழித்து இங்கே சுதுமலை அம்மன் கோவில் முன்றலில் பிரபாகரன் பேசினார். செப்ரெம்பரில் நல்லூரில் திலீபன் பன்னிரண்டு நாள் நீர்கூட இல்லாமல் இருந்து இறந்தார். ஒக்டோபர் 10இல் இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தில் போரைத் தொடங்கியது. 21ஆம் திகதி, தீபாவளியன்று, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குள் புகுந்து நோயாளிகளையும் வைத்தியர்களையும் தாதிமாரையும் சுட்டது.

அந்த மாதங்களில் எம்.ஜி.ஆர் மீண்டும் அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்தார்.

எங்கள் ஊரில் அந்தக் காலத்தைக் கடந்த பெரியவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். கோவில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அகதியாக இருந்த நாட்களில், ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு, எம்.ஜி.ஆருக்குத் தெரிந்தால் விடமாட்டார் என்று பேசிக்கொண்டார்களாம். அவருக்குத் தெரியாமல் நடக்கிறது என்று உறுதியாக நம்பினார்களாம். சொல்லும்போது சிலர் சிரிக்கிறார்கள். ஒருவர் சிரிக்கவில்லை. நோயாளியை நம்பியிருந்தோம் என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே வீட்டை விட்டு வெளிக்கிட்டிருப்போம் என்றார். அவருடைய வீட்டில் இரண்டு பேர் ஷெல்லில் செத்தவர்கள்.

அந்த நம்பிக்கைக்கு எம்.ஜி.ஆரைக் குற்றவாளியாக்க எனக்கு விருப்பமில்லை. அவர் எங்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றவில்லை. தன் உடல் விடாத நேரத்திலும் கொடுக்க முடிந்ததைக் கொடுத்தார். ஆனால் வயது போகாத, நோய் வராத, தோற்காத ஒரு முகத்தை முப்பது வருடம் ஒட்டி ஒட்டிக் காப்பாற்றினால், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் சனத்துக்கு ஆள் எப்போது களைத்துப்போனார் என்று தெரியாமல் போய்விடும். அந்த முகத்தை அவர் தனியாக ஒட்டவில்லை. பீதாம்பரம் ஒட்டினார், கட்சி ஒட்டியது, ஜெனரேற்றர் வெளிச்சத்தில் எங்களை அதட்டிய பெரியம்மாவும் ஒட்டினார். எங்களுக்குத் தோற்காத ஒருவர் தேவைப்பட்டார். அதற்குப் பிறகும் தேவைப்பட்டது. அதை எழுத இது இடமில்லை.

1987 டிசம்பர் 24ஆம் திகதி விடியற்காலையில் எம்.ஜி.ஆர் இறந்தார். உடல் ராஜாஜி மண்டபத்தில் வைக்கப்பட்டது. தொப்பியும் கண்ணாடியும் அணிவித்திருந்தார்கள். ஜெயலலிதா தலைமாட்டில் நின்றார், கட்சி அந்த இடத்திலேயே இரண்டாகத் தொடங்கியது. தமிழ்நாட்டில் பலர் தீக்குளித்தார்கள். மறுநாள் மெரினாவில், அண்ணா சமாதிக்குப் பக்கத்தில், அதே தொப்பியோடும் கண்ணாடியோடும் கைக்கடிகாரத்தோடும் புதைத்தார்கள். அந்தக் கடிகாரம் இன்னும் ஓடுகிறது என்று சமாதியில் காது வைத்துக் கேட்கிற சனம் இன்றைக்கும் உண்டு.

யாழ்ப்பாணம் அப்போது இந்திய இராணுவத்தின் ஊரடங்குக்குள் இருந்தது. சந்திக்குச் சந்தி சென்றி. செய்தி ரேடியோவில்தான் வந்தது. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் அன்று அடுப்பு மூட்டவில்லை என்று அம்மா சொல்வார். அந்த வீட்டுப் பெடியனை இரண்டு மாதத்துக்கு முன்னால் இந்தியன் ஆமி சுட்டிருந்தது. தாய் மகனுடைய படத்துக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர் படத்தையும் வைத்து விளக்குக் கொளுத்தினாராம். ஏதோ ஒரு கலண்டரில் இருந்து வெட்டி எடுத்த படம். தொப்பி இல்லாதது, நெற்றியில் மயிர் சுருண்டு விழுகிறது.

2009க்குப் பிறகு அவர்கள் கனடா போய்விட்டார்கள். வீட்டை வாங்கினவர்கள் சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருக்கிறார்கள்.